ஏழாம் நாற்காலிக்கு இரண்டு பேர்

அந்த அலுவலகத்தில் எல்லோரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிட ஆறு வயது மூத்த, மென்பொருளைச் சோதிக்கும் டெஸ்டர்கூட அக்கா என்றார். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் யாரோ ஆரம்பித்தது, பதினோரு வருடமாக ஒட்டிக்கொண்டுவிட்டது. மரியாதையாகத்தான் சொன்னார்கள். ஆனால் அந்தச் சொல்லுக்கு ஒரு வாலும் உண்டு: "அக்கா பாத்துக்குவாங்க." சர்வர் படுத்துவிட்டதா, அக்கா பாத்துக்குவாங்க. வாடிக்கையாளர் கத்துகிறாரா, அக்கா பாத்துக்குவாங்க. அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

அது மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்து கொடுக்கும் குடும்பக் கம்பெனி. ஆரம்பித்தவரைப் பெரியவர் என்பார்கள். அவருடைய மகன் பத்து வருடமாகப் பழைய மென்பொருளைக் கவனித்து வந்தார். நான்கு வருடத்துக்கு முன்பு பெரியவரின் மகளைக் கட்டிய மாப்பிள்ளை, வேறொரு பெரிய கம்பெனியிலிருந்து ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். மகனுக்கும் மாப்பிள்ளைக்கும் அடுத்தடுத்த அறைகள், நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு. முதல் மாதமே மகன் தன் பக்கம் அந்தக் கண்ணாடியில் காகிதம் ஒட்டினார். அடுத்த வாரம் மாப்பிள்ளையும் தன் பக்கம் ஒட்டினார். ஒருவர் ஒட்டியதே இருவருக்கும் போதும் என்று யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

டயாலிசிஸ் வார்டுகளுக்கான முன்பதிவு மென்பொருள்தான் அவர்களுடைய பெரிய வேலை. வார்டு கவுண்டரில் உட்கார்ந்து பதிவு செய்யும் பகுதி மகனுடையது. நோயாளிகள் போனிலிருந்தே டயாலிசிஸ் மிஷினுக்குரிய நாற்காலியை எடுக்கும் பகுதி மாப்பிள்ளை கொண்டுவந்தது. இரண்டும் ஒரே சர்வர் நிரலாக ஓட வேண்டும் என்று ஒரு பெரிய மருத்துவமனை கேட்டது. அங்கேதான் தகராறு ஆரம்பித்தது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பெரிய நிரல் ஒன்றில் நூற்றுக்கணக்கான பகுதிகள் இருக்கும். முன்பதிவைப் பார்க்கும் பகுதிக்கு நாற்காலிகளைப் பார்க்கும் பகுதி வேண்டும். அதற்கு டேட்டாபேஸோடு பேசும் பகுதி வேண்டும். ஒவ்வொன்றும் தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொண்டால் ஊர்ப்பட்ட குழப்பம் வரும். அதனால் அந்த வேலைக்கென்றே ஒரு ஃப்ரேம்வொர்க்கை வைப்பார்கள். யாருக்கு எது வேண்டுமோ அதைச் செய்து, கையில் கொண்டுவந்து கொடுப்பது அதன் பொறுப்பு. "இந்தப் பகுதி ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும், யார் கேட்டாலும் அதையே கொடு" என்று சொல்லிவைத்தால் அப்படியே செய்யும். ஒரு நிரலுக்கு இப்படி ஒன்று போதும்.

மகன் ஒரு ஃப்ரேம்வொர்க் வைத்திருந்தார். மாப்பிள்ளை வேறொன்று வைத்திருந்தார். அலுவலகத்தில் அவற்றைப் பழசு, புதுசு என்றார்கள். பழசை நீக்க மகன் சம்மதிக்கவில்லை. புதுசை நீக்க மாப்பிள்ளை சம்மதிக்கவில்லை. மூன்று மீட்டிங் நடந்தது. மூன்றாவதில் மாப்பிள்ளை, "மச்சானுக்குப் புதுசா எதுவும் படிக்கப் பிடிக்காது போல" என்றார். மகன் மேசையில் இருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்தார், திருகி மூடினார், எழுந்து போய்விட்டார்.

பெரியவர் அக்காவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"ரெண்டு பேரும் எனக்கு ரெண்டு கண்ணு மாதிரிம்மா. ஒண்ண எடுன்னு நான் எப்படிச் சொல்றது? ரெண்டையும் வெச்சுக்கலாம். நடுவுல நீ ஒரு பாலம் போட்டுடு."

"சார், கண்ணு ரெண்டா இருக்கலாம். காவலன் ரெண்டா இருக்கக் கூடாது."

காவலன் என்பது நிரலில் ஒரு பகுதியின் பெயர். எந்த ஷிஃப்டில் எந்த நாற்காலியை யார் எடுத்திருக்கிறார் என்பதை நினைவில் வைத்திருப்பது அதுதான். யார் கேட்டாலும், அந்த நாற்காலி காலியா இல்லையா என்று அது சொல்லும். அது ஒன்றாக இருக்கும்வரை பிரச்சினை இல்லை. இரண்டு ஃப்ரேம்வொர்க்கும் ஆளுக்கொரு காவலனைச் செய்துவிட்டால், ஒருவன் கொடுத்தது இன்னொருவனுக்குத் தெரியாது. இதை அக்கா பெரியவருக்கு ஒரு தாளில் இரண்டு வட்டம் போட்டு விளக்கினாள். அவர் தலையாட்டினார்.

"அதெல்லாம் உனக்குத் தெரியாததா? நீ பாத்துக்குவ."

அவள் மூன்று வாரம் உட்கார்ந்து பாலம் கட்டினாள். பழசு முதலில் எழுந்து காவலனைச் செய்யும். புதுசுக்குக் காவலன் வேண்டுமென்றால் தானே செய்துகொள்ளக் கூடாது, பாலம் வழியாகப் பழசிடம் கேட்டு வாங்க வேண்டும். நிரலுக்குள் காவலன் இரண்டாவது முறை பிறந்தால் உடனே சிவப்பு காட்டி எல்லோருக்கும் மெயில் போகும்படி ஒரு டெஸ்டும் எழுதி வைத்தாள். அதுவும் போதாது என்று அவளுக்குத் தெரியும். ஒரே நாற்காலியை ஒரே ஷிஃப்டில் இரண்டு பேருக்கு எழுத முடியாதபடி டேட்டாபேஸிலேயே ஒரு பூட்டுப் போடச் சொல்லி மகனிடம் கேட்டாள்.

"டேட்டாபேஸ் என் ஏரியாக்கா. ரெண்டு பேஷண்ட் நாற்காலி மாத்திக்கும்போது அந்தப் பூட்டு இடிக்கும். அடுத்த வெர்ஷன்ல பாக்கலாம்."

மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் அடுத்த வெர்ஷன்.

நான்கு மாதம் ஒழுங்காக ஓடியது.

பிறகு அவள் தம்பி வீடு மாறினான் என்று இரண்டு நாள் லீவு போட்டாள். இரண்டாம் நாள் காலை பதினோரு மணி இருக்கும். தம்பியும் அவளும் ஒரு மர அலமாரியைப் படியில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். பையில் போன் அதிர்ந்தது. அலமாரியைப் படியில் சாய்த்து வைத்துவிட்டு எடுத்துப் பார்த்தாள். டெஸ்ட் ஒன்று சிவப்பாகியிருப்பதாக மெயில். எந்த டெஸ்ட் என்று திறந்து பார்க்கவில்லை. அலுவலகத்தில் பதினெட்டுப் பேர் இருக்கிறார்கள், எல்லோருக்கும் இதே மெயில் போயிருக்கும், ஒரு நாளாவது வேறு யாராவது பார்க்கட்டும் என்று நினைத்தாள்.

"என்னக்கா, ஆபீஸா?"

"ஒண்ணும் இல்ல. நீ அந்தப் பக்கம் பிடி."

மறுநாள் ஒன்பது மணிக்கு அவள் அலுவலகத்துக்குள் நுழையும்போது பெரியவர் லிஃப்ட் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"பையைக்கூட வைக்காதம்மா. அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போ. நாற்காலியில ஏதோ குழப்பமாம். அந்தத் தலைமை நர்ஸ் போன்ல காய்ச்சி எடுத்துட்டாங்க. கொஞ்சம் சமாதானப்படுத்திட்டு வா."

"என்ன குழப்பம்?"

"போய்ப் பாரேன். எனக்கு என்ன தெரியும்?"

டயாலிசிஸ் வார்டு இரண்டாம் மாடியில் இருந்தது. கதவுக்கு வெளியே நடைபாதையில் எட்டுப் பேர் உட்கார வேண்டிய பெஞ்சில் நோயாளிகளும் கூட வந்தவர்களுமாகப் பதினைந்து பேர் நெருக்கிக்கொண்டிருந்தார்கள். மீதிப்பேர் சுவரில் சாய்ந்து நின்றார்கள். சிலர் கையில் போன், சிலர் கையில் கவுண்டரில் கொடுத்த சீட்டு. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நடுவில் தலைமை நர்ஸ் ஒரு அட்டையில் தாளைக் கிளிப் போட்டுப் பிடித்துக்கொண்டு நின்றார். ஐம்பது வயதிருக்கும். காதில் பென்சில் செருகியிருந்தார்.

"நீங்கதான் கம்ப்யூட்டர் கம்பெனியா?"

"ஆமாங்க."

"வாங்க. வந்து பாருங்க." அவர் அக்காவின் முழங்கையைப் பிடித்துக் கண்ணாடிக் கதவுவரை இழுத்துக்கொண்டு போனார். "உள்ள பதினாலு நாற்காலி. பதினாலு மிஷின். முதல் ஷிஃப்டுக்கு இருபத்தொரு பேர் வந்து நிக்கறாங்க. ஏழாம் நம்பர் உங்க கம்ப்யூட்டர்ல ரெண்டு பேருக்குக் கொடுத்திருக்கு. நான் என்ன பண்ணட்டும்? ஒருத்தரை இன்னொருத்தர் மடியில உக்கார வைக்கட்டுமா?"

அக்கா வாயைத் திறந்தாள்.

"சாரின்னு மட்டும் சொல்லாதீங்க. ஆறு மணியிலேருந்து உங்க ஆபீஸுக்குப் போன் போட்டேன். ஒருத்தர் எடுத்தாரு. 'அக்கா ஒன்பது மணிக்கு வருவாங்க, அவங்க பாத்துக்குவாங்க'ன்னு வெச்சுட்டாரு. யாருங்க அந்த அக்கா?"

"நான்தான்."

நர்ஸ் அவளை மேலும் கீழும் பார்த்தார். அதற்குமேல் கத்தவில்லை. அதுதான் அக்காவுக்கு இன்னும் மோசமாக இருந்தது.

"அந்தப் பட்டியலைக் குடுங்க" என்றாள். "யாரெல்லாம் போன்ல எடுத்தாங்க, யாரெல்லாம் கவுண்டர்ல எடுத்தாங்கன்னு தெரியுமா?"

இருவரும் நடைபாதையிலேயே நின்று, ஒவ்வொருவரிடமும் கேட்டுப் பென்சிலால் குறித்தார்கள். பத்துப் பேரை விசாரிப்பதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது. எல்லோரையும் கேட்டு முடித்தபோது, இரட்டிப்பான ஏழு நாற்காலிகளிலும் ஒருவர் போனில் எடுத்தவர், இன்னொருவர் கவுண்டரில் எடுத்தவர். விதிவிலக்கே இல்லை. இரண்டு காவலன்.

பெஞ்சின் ஓரத்தில் ஒருவர் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். தோளில் ஒரு துணி அளக்கும் நாடா தொங்கியது. தையல் கடையிலிருந்து நேரே வந்திருக்க வேண்டும், கழற்ற மறந்திருக்க வேண்டும். பக்கத்தில் அவர் மனைவி நின்று முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். அவர்தான் ஏழாம் நம்பர். கவுண்டர் சீட்டு. போனில் ஏழாம் நம்பர் எடுத்தவர் கால் மணி நேரம் முன்னால் வந்து மிஷினில் சேர்ந்துவிட்டார். தையல்காரருக்கு டயாலிசிஸ் செய்து மூன்று நாளாகியிருந்தது. கால் வீங்கிச் செருப்புவார் தோலில் பதிந்திருந்தது.

"இவருக்கு மூச்சு வாங்குதுங்க" என்றாள் மனைவி. "முதல்ல இவ்வளவு இல்ல. இப்பதான்."

நர்ஸ் குனிந்து அவர் முகத்தைப் பார்த்தார். அடுத்த நொடி பட்டியலை அக்காவின் கையில் திணித்துவிட்டு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். தள்ளுவண்டி வந்தது. தையல்காரரைத் தூக்கி வைத்தார்கள். அவரால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு அடைத்தது. உட்கார வைத்தே அவசர சிகிச்சைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். நாடா கீழே விழுந்து வண்டிச் சக்கரத்தில் சிக்கியது. மனைவி அதை உருவி எடுத்துச் சுருட்டிக்கொண்டே பின்னால் ஓடினாள்.

அக்கா நடைபாதையின் கடைசியில் இருந்த ஜன்னல் திட்டில் லேப்டாப்பைத் திறந்தாள். சர்வர் தான் செய்வதை வரிவரியாகக் குறித்துவைக்கும் லாகைத் தேடினாள். "காவலன் தயார்" என்று ஒரு வரி. மூன்று விநாடி கழித்து இன்னொரு "காவலன் தயார்". நான்கு மாதமாக ஒருமுறை மட்டும் வந்துகொண்டிருந்த வரி.

பாலத்தின் நிரலைத் திறந்தாள். முந்தின நாள் காலை பத்தே முக்காலுக்கு யாரோ ஒரே ஒரு வரியை மாற்றியிருந்தார்கள். புதுசு இனிமேல் பழசுக்காகக் காத்திருக்க வேண்டாம், காவலனைத் தானே செய்துகொள்ளலாம் என்று அந்த வரி சொன்னது. மாற்றியவர் லாகின் மாப்பிள்ளையுடையது. ஏன் மாற்றினோம் என்று எழுதும் இடத்தில் இப்படி இருந்தது: "டெமோவுக்காக ஸ்டார்ட் ஆகும் நேரத்தைக் குறைத்தேன். டெஸ்ட் சிவப்பாக இருக்கிறது. மீதியை அக்கா பார்த்துக்கொள்வார்."

அவள் அதை இரண்டு முறை படித்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் கண் கலங்கும், குரல் உடையும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். அப்படி எதுவும் ஆகவில்லை. காது மட்டும் சூடாகிக்கொண்டே போனது.

மாப்பிள்ளைக்குப் போன் செய்தாள்.

"போன் முன்பதிவை உடனே நிறுத்தணும். ரெண்டு காவலன் ஓடுது."

"அக்கா, இன்னைக்கு மூணு மணிக்கு ஆஸ்பத்திரி டைரக்டர்களுக்கு டெமோ காட்டணும். சாயங்காலம் நிறுத்திக்கலாம்."

"இங்க ஒருத்தரை எமர்ஜென்சிக்குத் தள்ளிட்டுப் போறாங்க."

"அது நம்மாலதான்னு எப்படித் தெரியும்? அவங்களுக்கு ஏற்கெனவே உடம்பு சரியில்லாததாலதானே ஆஸ்பத்திரிக்கே வர்றாங்க?"

அக்கா போனை வைத்தாள். சர்வருக்குள் நுழையும் அனுமதி அவளுக்கும் இருந்தது. போன் பகுதியை அவளே நிறுத்தினாள். திரையில் அது அணைந்ததைப் பார்த்துவிட்டு, பட்டியலை எடுத்துக்கொண்டு நர்ஸிடம் திரும்பிப் போனாள்.

"இனிமே புதுசா இரட்டிப்பாகாது. ஏற்கெனவே ஆனதை நாம கையால பிரிக்கணும்."

அடுத்த மூன்று மணி நேரம் இருவரும் ஒரு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். யாருக்கு எத்தனை நாளாயிற்று, யாருக்கு வீக்கம் அதிகம், யார் மதியம்வரை தாங்குவார்கள் என்று நர்ஸ் சொல்லச் சொல்ல, அக்கா கோடு போட்டு எழுதினாள். சிலர் திட்டினார்கள். ஒரு பெரியம்மா, "எங்க வீட்டுக்குப் பக்கத்துல கோழிக்கடையிலகூட வரிசை ஒழுங்கா இருக்கும்" என்றாள். அக்கா எழுதிக்கொண்டே இருந்தாள். பன்னிரண்டரைக்கு அவசர சிகிச்சையிலிருந்து செய்தி வந்தது: தையல்காரருக்கு அங்கேயே மிஷின் போட்டிருக்கிறார்கள், நுரையீரலில் நீர் கோத்திருந்தது, இன்னும் ஒரு மணி நேரம் விட்டிருந்தால் ஆபத்து, இப்போது பரவாயில்லை.

அவள் போய்ப் பார்த்தாள். கண்ணாடிக்கு வெளியே மனைவி உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க யாரு? நர்ஸம்மாகூட எழுதிக்கிட்டு இருந்தீங்களே."

"அந்தக் கம்ப்யூட்டர் வேலையைச் செஞ்சவங்கள்ல நானும் ஒருத்தி."

அந்தப் பெண் கையிலிருந்த நாடாவைப் பிரித்து மறுபடியும் சுருட்டினாள்.

"நேத்து கவுண்டர்ல நான்தான் போய் நின்னு சீட்டு வாங்கினேன்" என்றாள். "ஏழாம் நம்பர், ஏழாம் நம்பர்னு அவர்கிட்ட சொல்லிட்டே இருந்தேன். காலையில இன்னொருத்தர் அதுல உக்காந்திருக்காரு. நான் சீட்டைத் தப்பா வாங்கிட்டேன்னு இவர் என்னைத் திட்டினாரு. மூச்சு வாங்க வாங்கத் திட்டினாரு."

"நீங்க தப்பா வாங்கல."

"அது எனக்குத் தெரியும். அவர் எழுந்ததும் அவர்கிட்ட சொல்லுங்க."

மூன்று மணிக்கு அக்கா அலுவலகம் திரும்பினாள். டெமோ ரத்தாகியிருந்தது. மீட்டிங் அறையில் பெரியவர், மகன், மாப்பிள்ளை மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். மகனும் மாப்பிள்ளையும் ஒரே பக்கத்தில், அடுத்தடுத்த நாற்காலியில். நான்கு வருடத்தில் அப்படி அவள் பார்த்ததே இல்லை.

"உக்காரும்மா" என்றார் பெரியவர். "ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கோம். நீயும் ஒரு தடவை பாத்துடு."

ஒரு பக்கக் கடிதம். "எங்கள் பொறியாளர் ஒருவர் உருவாக்கிய இணைப்புப் பகுதியில் ஏற்பட்ட குறைபாட்டால்" என்று ஆரம்பித்தது. அந்தப் பொறியாளர் மேல் உரிய நடவடிக்கை எடுக்கப்படும் என்று முடிந்தது.

"யார் அந்தப் பொறியாளர்?"

மகன் தொண்டையைச் செருமினார். "பாலம் நீங்க போட்டதுதானேக்கா."

"ஆமாம். பாலம் அக்கா போட்டதுதான்" என்றார் மாப்பிள்ளை.

"அடேயப்பா" என்றாள் அக்கா. "நாலு வருஷமா ஒரு ஸ்விட்ச் எங்க இருக்கணும்னுகூட ஒத்துப்போகாத ரெண்டு பேரு. இதுக்கு மட்டும் கல்யாண ஜோடி மாதிரி பக்கத்துல பக்கத்துல வந்து உக்காந்துட்டீங்க."

லேப்டாப்பை எடுத்து மேசை நடுவே வைத்தாள், திரையை அவர்கள் பக்கம் திருப்பினாள். மாற்றிய வரி, மாற்றிய நேரம், மாற்றியவர் பெயர், அடியில் அந்தக் குறிப்பு. பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உதட்டை அசைத்து அசைத்துப் படித்தார்.

"ஸ்டார்ட் ஆக நாற்பது செகண்ட் எடுத்துச்சு" என்றார் மாப்பிள்ளை. "டைரக்டர்கள் முன்னாடி நாற்பது செகண்ட் வெறும் திரையைக் காட்டச் சொல்றீங்களா? டெமோ சர்வர்ல மட்டும்தான் போடச் சொன்னேன். பசங்க எல்லாத்துலயும் போட்டுட்டாங்க."

"டெஸ்ட் சிவப்பா இருக்குன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. படிச்சுட்டு, சிவப்புன்னு எழுதிட்டு, அப்புறமும் போட்டிருக்கீங்க."

"அதான் சொன்னேன் இவரோட புதுசு வேணவே வேணாம்னு" என்று மகன் ஆரம்பித்தார்.

"நீங்க பேசாதீங்க." அக்கா அவர் பக்கம் திரும்பினாள். குரல் உயரவில்லை, ஆனால் வெளியே தட்டச்சுச் சத்தம் நின்றுபோனது. "டேட்டாபேஸ்ல ஒரு பூட்டு. மூணு தடவை கேட்டேன். அது இருந்திருந்தா பத்துக் காவலன் ஓடியிருந்தாலும் ஒரு நாற்காலி ரெண்டு பேருக்குப் போயிருக்காது. உங்க ஏரியான்னு சொன்னீங்க. இன்னைக்குக் காலையில அந்த ஏரியாவுல ஒரு மனுஷன் படுக்க முடியாம மூச்சுக்குத் திண்டாடினாரு. நீங்க வந்து பாத்திருக்கணும். ரெண்டு பேரும்."

"கொஞ்சம் பொறும்மா" என்றார் பெரியவர். "நான் என்ன சொல்றேன்னா... இது குடும்ப விஷயம். மாப்பிள்ளை பேரு வெளிய வந்தா என் பொண்ணு என்ன நினைப்பா? மகன் பேரு வந்தா... நீ எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி. கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போயேன்."

"சார், நான் உங்க வீட்டுப் பொண்ணு இல்ல. உங்க வீட்டுப் பொண்ணா இருந்திருந்தா என் பேரை அந்தக் கடிதத்துல எழுதியிருக்க மாட்டீங்க."

பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"என் மேலயும் தப்பு இருக்கு" என்றாள். "நேத்து அந்தச் சிவப்பு மெயிலை நான் பாத்தேன். லீவுன்னு பையில போட்டேன். அதை நானே எழுதித் தர்றேன். மத்த ரெண்டு பேரும் அவங்கவங்க செஞ்சதை எழுதட்டும். அப்படி ஒரு கடிதம் போகணும். இல்லன்னா நானே போய் நர்ஸம்மாகிட்ட இந்த லேப்டாப்பைத் திறந்து காட்டுவேன்."

"மிரட்டறீங்களா?" என்றார் மாப்பிள்ளை.

"ஆமாம்."

கடிதம் மாறியது. ஒரே நாளில் மாறவில்லை. பெரியவர் மறுநாள் மாலைவரை இழுத்தார். மகள் போன் செய்து அழுதாள் என்றார், இரத்த அழுத்தம் ஏறிவிட்டது என்றார். கடைசியில் மூன்று பத்தியாக, மூவர் செய்ததும் எழுதி அனுப்பினார்கள். மருத்துவமனை ஒரே வரியில் பதில் எழுதியது: இரண்டு வாரத்தில் இரண்டு ஃப்ரேம்வொர்க்கில் ஒன்று போக வேண்டும், அதுவரை போன் முன்பதிவு கிடையாது.

எது போவது என்று மறுபடியும் தகராறு வந்தது. இந்த முறை அக்கா மீட்டிங் வைக்கவில்லை. எண்ணிப் பார்த்தாள். பழசு முந்நூற்றுப் பதினெட்டு இடத்தில் வேரோடியிருந்தது. புதுசு நாற்பத்தொரு இடத்தில். இரண்டு வாரத்தில் பிடுங்க முடிந்தது புதுசுதான். மாப்பிள்ளை அவள் மேசைக்கு வந்து நின்றார்.

"புதுசுதான் நல்லதுன்னு உங்களுக்கே தெரியும்."

"தெரியும். பழசைவிடப் புதுசுதான் நல்லது."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? பதினாலு நாள்தான் இருக்கு."

அதற்குப் பிறகு அவர் அவளோடு பேசவில்லை. மகன் இரண்டு நாள் விசிலடித்துக்கொண்டு நடந்தார். மூன்றாம் நாள் அக்கா அவர் மேசையில் ஒரு தாளை வைத்தாள். டேட்டாபேஸ் பூட்டு எப்படி இருக்க வேண்டும், நோயாளிகள் நாற்காலி மாற்றிக்கொள்ளும்போது அது இடிக்காமல் எப்படிச் செய்வது என்று அதில் எழுதியிருந்தது. "வெள்ளிக்கிழமைக்குள்ள" என்றாள். விசில் நின்றது. பூட்டு வியாழக்கிழமையே போட்டாயிற்று.

மாப்பிள்ளையின் ஆறு பேரில் இருவர் தாமாகவே வந்து அவளோடு உட்கார்ந்தார்கள். நாற்பத்தொரு இடத்தையும் ஒவ்வொன்றாகப் பிரித்து, பழசோடு கட்டினார்கள். பாலத்தை அவளே அழித்தாள். பன்னிரண்டாம் நாள் வேலை முடிந்தது.

போன் முன்பதிவு மறுபடி ஓடும் முதல் வாரம் வார்டிலேயே வந்து உட்கார வேண்டும் என்று தலைமை நர்ஸ் நிபந்தனை போட்டிருந்தார். அக்கா தினமும் ஏழு மணிக்குப் போய்க் கவுண்டர் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். இரட்டிப்பு ஒன்றும் வரவில்லை. தையல்காரர் மூன்றாம் நாள் வந்தார். இளைத்திருந்தார். அக்கா எழுந்து போய் அவர் முன்னால் நின்றாள்.

"அன்னைக்கு உங்க வீட்டம்மா சீட்டு சரியாத்தான் வாங்கினாங்க. தப்பு எங்களோடது."

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி வேறெங்கோ பார்த்தாள்.

"அதை அவ எனக்கு ரெண்டு வாரமா சொல்லிக்கிட்டிருக்கா" என்றார். "நீங்க வேற வந்துட்டீங்களா?"

அவர் உள்ளே போனதும் மனைவி கவுண்டருக்கு வந்தாள். திரையில் என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. நர்ஸின் அட்டையில் பென்சிலில் என்ன எழுதியிருக்கிறது என்றுதான் கேட்டாள். பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகே போய் உட்கார்ந்தாள். மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை, அக்காவும் கேட்கவில்லை.

வார்டு வேலை முடிந்த திங்கட்கிழமை காலை, அக்கா பெரியவரிடம் ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்தாள். அவர் அதை வாங்கவில்லை. மேசைமேல் வைக்கச் சொன்னார்.

"எல்லாம் சரியாகிப் போச்சேம்மா. கோபத்துல முடிவெடுக்காத. ரெண்டு நாள் போகட்டும், கோபம் தணிஞ்சதும் பேசலாம்."

"தணியறதுக்குள்ள எடுக்கணும்னுதான் சார் இன்னைக்கே வந்தேன். இல்லன்னா இன்னும் பதினோரு வருஷம் இங்கயே உக்காந்திருப்பேன்."

அந்த மாதக் கடைசிவரை வேலை செய்தாள். யார் எதைப் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரைப் போட்டுப் பட்டியல் எழுதி, அலுவலகத்தில் எல்லோருக்கும் அனுப்பினாள். மூன்று இடத்தில் மகன் பெயர், நான்கு இடத்தில் மாப்பிள்ளை பெயர் இருந்தது. அடுத்த மாதம் ஒரு ரயில் சரக்குக் கம்பெனியில் சேர்ந்தாள். அங்கே முதல் நாள் யாரோ அவளை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று கேட்டபோது, தன் பெயரைச் சொன்னாள்.